முஹம்மதன் ஸ்போர்ட்டிங்: 13 புள்ளிகளும் பாக்கி நின்ற சம்பளமும்

2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடரின் புள்ளிப் பட்டியலில் கடைசி வரியில் நிற்கும் பெயர், கொல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப். மொத்தம் 13 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள். முஹம்மதன் வென்றது 2, டிரா செய்தது 7, தோற்றது 15. அடித்த கோல்கள் 12, வாங்கிய கோல்கள் 43. சேர்ந்த புள்ளிகள் வெறும் 13. அதே ஊரைச் சேர்ந்த மோகன் பகான் 56 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்து லீக் கேடயத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

விளையாட்டில் ஓர் அணி கடைசி இடத்துக்கு வருவது புதிதல்ல. யாராவது ஒருவர் கடைசியில் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் 1891-இல் தொடங்கப்பட்டு, ஒரு காலத்தில் இந்திய முஸ்லிம்களின் தன்னம்பிக்கைக்கே அடையாளமாக இருந்த ஒரு கிளப், நாட்டின் முதல்நிலை லீக்கில் காலடி வைத்த முதல் ஆண்டிலேயே வீரர்களுக்குச் சம்பளம் தர முடியாமல் தலைகுனிந்தது என்றால், அதை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோக நம்மால் முடியவில்லை.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "முஸ்லிம் பெயர் இருப்பதால் வளரவிடவில்லை" என்பது ஒன்று. "பந்து விளையாட்டுக்கெல்லாம் ஏன் இவ்வளவு கவலை?" என்பது இன்னொன்று. இரண்டுமே சிந்திக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. அந்த சீசனில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், தோல்வியின் வேர் மைதானத்தில் மட்டும் இல்லை, கணக்குப் புத்தகத்திலும் இருந்தது என்பது விளங்கும். அந்த வேர் கொல்கத்தாவில் மட்டும் இருப்பதும் அல்ல.

ஒரு பெயரின் எடை

முதலில் அந்தப் பெயரின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இன்றைய தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய கிளப்புகளின் வரலாறு மனப்பாடம். நம் நாட்டுக் கிளப்புகளின் வரலாறு அவ்வளவாகத் தெரியாது.

கொல்கத்தா கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. அதன் முதல் பிரிவை 36 ஆண்டுகளாக எந்த இந்திய அணியும் வென்றதில்லை. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர்களின் கிளப்புகளுமே கோப்பையை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தன. 1934-இல் முதல் பிரிவுக்கு உயர்ந்து வந்த முஹம்மதன், வந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. அதோடு நிற்கவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் வந்து சேர்ந்தது. 1940-இல் டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி, அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி என்ற பெயரையும் பெற்றது.

அந்த அணியில் ஆடிய முஹம்மத் சலீம் 1936-இல் ஸ்காட்லாந்து சென்று, புகழ்பெற்ற செல்டிக் கிளப்புக்காகப் பூட்ஸ் போடாமல், பாதத்தில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார். ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் அவர்தான்.

இந்த வெற்றிகள் வானத்திலிருந்து விழவில்லை. நிர்வாகம் ஊர் ஊராகத் தேடி நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. மழையில் சேறாகும் மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதைக் கவனித்து, வீரர்களைப் பூட்ஸ் போட்டு ஆடப் பழக்கியது. அதாவது, அந்தக் காலத்து முஹம்மதனின் பெருமைக்குப் பின்னால் திட்டமிட்ட நிர்வாகம் இருந்தது. ரசிகர்களின் உணர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

1947-இல் நாடு பிரிந்தபோது வீரர்களும் ஆதரவாளர்களும் சிதறினார்கள். அதன் பிறகு லீக் பட்டம் 1948, 1957, 1967, 1981 என்று நீண்ட இடைவெளிகளில்தான் வந்தது. 2014-இல் பணமில்லாமல் முதன்மை அணியையே கலைக்கும் நிலை வந்தது. பிறகு மெல்ல எழுந்து, 40 ஆண்டு காத்திருப்புக்குப் பின் 2021-இல் மீண்டும் கொல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதைத் தக்கவைத்துக்கொண்டது.

2024 ஏப்ரல் 6 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியை 2-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்தது. அந்தப் பட்டம்தான் ஐ.எஸ்.எல். வாசலைத் திறந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முஹம்மதன் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளும் முதன்முறையாக ஐ.எஸ்.எல். தொடரில் ஒன்றாக நின்றன. அன்றைய மகிழ்ச்சி நியாயமான மகிழ்ச்சி.

சென்னையில் கிடைத்த முதல் வெற்றி

சீசன் தொடங்கியது செப்டம்பர் 16 அன்று. முதல் ஆட்டம் சொந்த ஊரில், நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியுடன். 90 நிமிடம் வரை கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. அடுத்தது கோவா. பெனால்டி மூலம் முன்னிலை பெற்ற முஹம்மதன், மீண்டும் கூடுதல் நேரத்தில் கோல் வாங்கி 1-1 என்று முடித்தது.

மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 26 அன்று, நம் சென்னை நேரு ஸ்டேடியத்தில், சென்னையின் எஃப்.சி. அணிக்கு எதிராக. மிசோரமைச் சேர்ந்த லால்ரெம்சங்கா ஃபனாய் அடித்த ஒரே கோலில் 1-0. ஐ.எஸ்.எல். வரலாற்றில் முஹம்மதனின் முதல் வெற்றி இது. வெளியூர் மைதானத்தில், மூன்றாவது ஆட்டத்திலேயே. மூன்று ஆட்டங்களில் நான்கு புள்ளிகள் என்பது புதிதாக உயர்ந்து வந்த அணிக்கு மோசமான தொடக்கமே அல்ல.

அதன் பிறகுதான் சரிவு. மோகன் பகானிடம் 0-3. கேரளா பிளாஸ்டர்ஸிடம் முதலில் கோல் அடித்தும் 1-2. ஹைதராபாத்திடம் சொந்த மண்ணில் 0-4.

நவம்பர் 9 அன்று ஈஸ்ட் பெங்காலுடன் நடந்த ஆட்டம் இந்த சீசனின் ஒரு கண்ணாடி. அதுவரை ஆறு ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணி ஈஸ்ட் பெங்கால். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், நவோரெம் மகேஷ் சிங் ஆகிய இருவரும் அடுத்தடுத்து சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். மிச்சமிருந்த ஒரு மணி நேரம் முழுவதும் முஹம்மதன் பதினொரு பேர், எதிரே ஒன்பது பேர். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஒன்பது பேர் தடுத்து நின்ற சுவரைப் பதினொரு பேரால் உடைக்க முடியவில்லை.

நவம்பர் 27 அன்று பெங்களூரு அணியுடன் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கோல் அடித்து, 80 நிமிடத்தைத் தாண்டியும் முன்னிலையில் இருந்தது முஹம்மதன். சுனில் சேத்ரியின் பெனால்டியில் சமநிலை. கூடுதல் நேரத்தின் கடைசியில் சொந்த வலைக்குள்ளேயே பந்து போய் 1-2.

நார்த்ஈஸ்ட், கோவா, பெங்களூரு ஆகிய இந்த மூன்று ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் மட்டும் கைநழுவிய புள்ளிகள் நான்கு. ஓர் அணி கடைசி நிமிடங்களில் திரும்பத் திரும்ப உடைகிறது என்றால், உடல் தகுதியும் மாற்று வீரர்களின் பலமும் போதவில்லை என்றுதான் பொருள். ஐ-லீக்கை வெல்லப் போதுமான அணி ஐ.எஸ்.எல். தொடரில் நிற்கப் போதவில்லை. கோல் அடிக்க ஆள் இல்லை என்பதை 24 ஆட்டங்களில் 12 கோல் என்ற கணக்கே சொல்லிவிடுகிறது. ஆக, சம்பளப் பிரச்சினை வெடிப்பதற்கு முன்பே அணியில் ஓட்டைகள் இருந்தன. இதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் பணத்தின் மீது போடுவது நேர்மை ஆகாது.

நான்கு ஆட்டங்கள் காட்டிய உண்மை

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றுப்போன அணி, டிசம்பர் கடைசி வாரத்தில் திடீரென்று நிமிர்ந்தது. ஒடிஷாவுடன் 0-0. நார்த்ஈஸ்ட் அணியுடன் 0-0. ஜனவரி 11 அன்று பெங்களூருவில், பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வென்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது உஸ்பெகிஸ்தான் வீரர் மிர்ஜலோல் காசிமோவ் அடித்த ஃப்ரீ கிக் அது. அடுத்து, கொல்கத்தாவில் சென்னையின் எஃப்.சி.யிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கினார்கள். நான்கு ஆட்டங்களில் தோல்வியே இல்லை, ஆறு புள்ளிகள். சீசன் முழுவதும் சேர்த்த 13-இல் ஏறக்குறைய பாதி இந்த நான்கு ஆட்டங்களில் வந்தது.

இதைச் செய்தவர்கள் யார்? மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத வீரர்கள். அவர்களை வழிநடத்தியவரும் சம்பளம் கிடைக்காத பயிற்சியாளர்தான்.

அந்த ஜனவரி மாதத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்த செய்தி வந்தது. கிளப்புக்கும் பணம் போட்ட முதலீட்டு நிறுவனங்களுக்கும் இடையே, பங்குகளை மாற்றித் தருவது தொடர்பான தகராறு பத்திரிகைகளில் அடிபட்டது. "பங்கு கைக்கு வராமல் மேற்கொண்டு பணம் இல்லை" என்பது ஒரு தரப்பின் நிலை. "முதலில் பணம் வரட்டும்" என்பது இன்னொரு தரப்பின் நிலை. இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் விரல் நசுங்கியவர்கள் வீரர்கள்.

ஜனவரி இறுதியில், ஐ-லீக் பட்டத்தை வென்று தந்த ரஷ்யப் பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ், சம்பள பாக்கியைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். முன்னாள் இந்திய வீரரான காஷ்மீரின் மெஹ்ராஜுத்தீன் வாடூ பொறுப்பேற்றார்.

இப்போது முடிவுகளைப் பாருங்கள். மும்பையிடம் 0-3, மோகன் பகானிடம் 0-4, ஹைதராபாத்திடம் 1-3, ஈஸ்ட் பெங்காலிடம் 1-3, ஜாம்ஷெட்பூரிடம் 0-2. ஐந்து ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15. முந்தைய நான்கு ஆட்டங்களில் இரண்டே கோல் வாங்கிய அதே தடுப்பாட்டம்தான் இது. இடையில் மாறியது என்ன? எதிரணிகள் வேறு என்பது உண்மை. ஆனாலும் தன் உழைப்புக்கு விலை உண்டா என்ற நம்பிக்கையை இழந்த மனிதனின் கால்களுக்கு வேகம் எங்கிருந்து வரும்?

கூலி வேறு, பங்கு வேறு

மார்க்கச் சட்டம் படித்தவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் பணம் போட்டுத் தொழில் செய்வதற்கான சட்டங்கள் ஒரு பாடத்தில் வருகின்றன. கூலிக்கு ஆள் அமர்த்துவதற்கான சட்டங்கள் வேறொரு பாடத்தில் வருகின்றன. முதலாவது ஷிர்கத், முளாரபா எனப்படும் கூட்டு வணிகம். இரண்டாவது இஜாரா.

கூட்டு வணிகத்தில் இறங்குபவர் லாபத்தை எதிர்பார்த்து இறங்குகிறார். நட்டம் வந்தால் போட்ட முதலில் அடிபடும் என்பதை அறிந்தே இறங்குகிறார். இஜாரா அப்படியல்ல. வேலை என்ன, காலம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பேசி முடித்து, வேலையும் நடந்துவிட்டால் கூலி கடமையாகிவிடும். முதலாளிக்கு லாபமா நட்டமா, கூட்டாளிகளுக்குள் சமாதானமா சண்டையா என்பதெல்லாம் கூலியாளின் கணக்கில் வராது. லாபத்தில் பங்கு கேட்காதவர் மீது நட்டத்தை மட்டும் ஏற்றுவது எந்த வகையில் நீதி?

முஹம்மதனில் நடந்தது இந்தக் குழப்பம்தான். பங்கு யாருக்கு எவ்வளவு என்பது முதலீட்டாளர்களும் நிர்வாகிகளும் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. அதில் யார் பக்கம் நியாயம் என்பதை நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை வீரரின் கூலி காத்திருக்கட்டும் என்று விட்டது தவறு. எந்தத் தரப்பும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஸூரத்துல் மாயிதாவின் தொடக்கமே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லும் கட்டளைதான். வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியிருக்கிறது. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றே குறிப்பிட்டார்கள். அந்தக் கூலியாள் முஸ்லிமா இல்லையா என்று இந்த எச்சரிக்கைகள் பிரித்துப் பார்ப்பதில்லை. முஹம்மதன் அணியில் மிசோரம் பையன்களும் இருந்தார்கள், அர்ஜென்டினா, பிரேசில், கானா, பிரான்ஸ் வீரர்களும் இருந்தார்கள். எல்லோரும் மார்பில் சுமந்தது நபிகளாரின் பெயரோடு சேர்ந்த ஒரு பெயரை. அந்தப் பெயரின் கீழ் வேலை செய்துவிட்டு, கூலி கிடைக்காமல் தன் நாட்டுக்குத் திரும்பும் ஒருவர் நம்மைப் பற்றி என்ன சொல்வார்? நாம் நூறு மேடைகளில் பேசும் அழைப்புப் பணியை இந்த ஒரு சம்பள பாக்கி அடித்துக்கொண்டு போய்விடும்.

கால்பந்து வீரர் என்றாலே கோடிகளில் புரள்பவர் என்று நினைக்கவும் வேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலான வீரர்கள் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆடும் வயது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். ஒரு முழங்கால் காயம் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் பெற்றோரின் மருந்து இருக்கும், தங்கையின் படிப்பு இருக்கும்.

பாகுபாடுதான் காரணமா?

இனி, "முஸ்லிம் பெயர் என்பதால் நசுக்கினார்கள்" என்ற வாதத்துக்கு வருவோம். இந்நாட்டில் முஸ்லிம்கள் மீது பாகுபாடே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் அந்த ஒரே மருந்துச் சீட்டை எழுதினால் நோய் தீராது.

ஹைதராபாத் எஃப்.சி. அணியைப் பாருங்கள். 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அணி அது. இரண்டே ஆண்டுகளில், 2023-24 சீசனில், சம்பள பாக்கியால் வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, 22 ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் 8 புள்ளிகள் எடுத்துக் கடைசி இடத்தில் விழுந்தது. அது எந்தச் சமூகத்தின் பெயரையும் தாங்கிய கிளப் அல்ல. நோய் ஒன்றுதான். வருமானம் இல்லாமல் செலவு, எழுத்தில் தெளிவு இல்லாமல் கூட்டு, கடைசியில் உழைத்தவரின் வயிற்றில் அடி.

மறுபக்கம் பஞ்சாப் எஃப்.சி. இருக்கிறது. முஹம்மதனைப் போலவே ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல். தொடருக்கு உயர்ந்த அணி. முதல் ஆண்டான 2023-24-இல் 12 அணிகளில் 8-ஆம் இடம் பிடித்தது. உயர்ந்து வரும் அணி நசுங்கித்தான் போக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

லீக்கின் அமைப்பிலும் கோளாறு இருந்தது. மேலேறும் வழி திறந்தும், கீழிறங்கும் விதி அப்போது நடைமுறைக்கு வராததால், கடைசி இடத்துக்கு வந்தாலும் முஹம்மதன் லீக்கை விட்டு இறக்கப்படவில்லை. தண்டனை இல்லாத இடத்தில் திருந்தும் அவசரமும் குறைந்துவிடும். லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே 2010-இல் செய்யப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த காரணத்தால், 2025 ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. நாட்டின் முதல்நிலை லீக்கே அடுத்த ஆண்டு உண்டா என்று தெரியாத அன்றைய நிலையில் எந்த முதலீட்டாளர் துணிந்து பணம் போட்டிருப்பார்? ஆக, கூரை ஒழுகியது உண்மை. ஆனால் வீட்டுக்குள் பாத்திரத்தை உடைத்தது வீட்டுக்காரர்கள்தான்.

ரசிகர்களின் பங்கு

ரசிகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் கேரளா பிளாஸ்டர்ஸ் முன்னிலை பெற்றபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. கேரளாவிலிருந்து வந்திருந்த விருந்தாளி ரசிகர்கள் மீதும் எறியப்பட்டன. விருந்தாளியைக் கண்ணியப்படுத்தச் சொன்ன மார்க்கத்தின் பெயரைப் பதாகையில் பிடித்துக்கொண்டு விருந்தாளி மீது பாட்டில் எறிவது என்ன வகை அன்பு? கிளப்பின் மீதான பாசம் என்றால், அந்தக் கோபத்தில் பாதியையாவது நிர்வாகத்திடம் கணக்குக் கேட்பதில் காட்டியிருக்க வேண்டும். "இந்த ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வீரர்களுக்குப் பாக்கி எவ்வளவு?" என்ற கேள்வி பாட்டிலைவிடக் கனமானது.

நம் மஹல்லாவில் என்ன நிலை?

கொல்கத்தாவை இவ்வளவு தூரம் பேசிவிட்டு, நம் வாசலைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் இந்தக் கதையின் அச்சு நமக்குப் பழக்கமானது.

நூறாண்டு பழமை வாய்ந்த பள்ளிவாசல் என்று பெருமையாகச் சொல்வோம். மினாராவுக்கு விளக்கு அலங்காரம் செய்வோம். இமாமுக்கும் முஅத்தினுக்கும் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் போகிறது என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும். மதரஸா ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து பேச்சாளர்கள் வருவார்கள். ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு மூன்று மாதப் பாக்கி இருக்கும். சமுதாயத்தின் பெயரில் பள்ளிக்கூடம் நடக்கும். அங்கே வேலை பார்க்கும் ஆசிரியை, "சம்பளம் எப்போது?" என்று கேட்டால், "சேவை மனப்பான்மை வேண்டாமா?" என்று பதில் வரும். நிர்வாகக் கமிட்டியில் இரண்டு அணி உண்டாகிவிட்டால் போதும், காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. நடுவில் நசுங்குவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் சம்பளம் கொடுத்து, ஜும்ஆவுக்குப் பிறகு வரவு செலவைப் பலகையில் ஒட்டும் ஜமாஅத்துகளும் இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். அந்த ஊர்களில் சண்டை குறைவாக இருப்பதையும் கவனித்தால் தெரியும்.

பொறுப்பு என்பது அமானிதம். முன்னோர் ஒரு நிறுவனத்தின் நற்பெயரை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், அதை வைத்து மாலை வாங்கிக்கொள்ள அல்ல, அதைக் குறையாமல் அடுத்தவர் கையில் தர. 1934-இன் வெற்றியைச் சொல்லி 2025-இன் சம்பள பாக்கியை அடைக்க முடியாது.

செய்ய வேண்டியவை

இந்த சீசனிலிருந்து நம் நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் நடைமுறையானவை.

ஒன்று, மேலேறுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். ஐ-லீக் பட்டம் வந்தது ஏப்ரலில், ஐ.எஸ்.எல். தொடங்கியது செப்டம்பரில். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் பணம் எங்கிருந்து வரும், பங்கு யாருக்கு என்பதை எழுத்தில் முடித்திருந்தால் ஜனவரி வந்திருக்காது. தொடக்கப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க நினைக்கும் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டு, சம்பளத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். குறைந்தது ஆறு மாதச் சம்பளம் அதில் இருக்க வேண்டும். கட்டடம், விழா, வழக்கு என்று எதற்காகவும் அதைத் தொடக் கூடாது.

மூன்று, கூட்டாளிகளுக்குள் தகராறு வந்தால் யார் முன் தீர்ப்பது என்பதை, அன்பாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நான்கு, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும். கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று ஒதுக்கக் கூடாது.

பிள்ளைகளைக் கால்பந்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டு உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் நல்லது, தடுக்க வேண்டாம். ஆனால் கிளப் பெயரைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். சம்பளத் தேதி, காயம் பட்டால் மருத்துவச் செலவு, பாக்கி வைத்தால் முறையிடும் இடம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். பட்டப்படிப்பையும் விட்டுவிட வேண்டாம்.

முஹம்மதன் மீண்டும் எழும் என்றே நாம் நம்புகிறோம். 2014-இல் அணியைக் கலைத்த கிளப், பத்தே ஆண்டுகளில் ஐ-லீக்கை வென்றது. எழுந்து நிற்கும் சக்தி அதன் மண்ணில் இருக்கிறது. ஆனால் இம்முறை எழுவதற்கான முதல் வேலை புதிய வெளிநாட்டு வீரரைத் தேடுவது அல்ல. 2025 ஜனவரியில் பெங்களூருவில் கையில் காசில்லாமல் ஆடி வென்று கொடுத்த அந்த வீரர்களின் பாக்கியைக் கடைசி ரூபாய் வரை தீர்ப்பதுதான். அதைத் தீர்த்த பிறகு கிடைக்கும் 13 புள்ளிகளில்கூட பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.